காலி லாரியில் நூறு கிலோ

மதிப்பும் அன்பும் நிறைந்த சம்பந்தி அவர்களுக்கு, எடை மேடைக்காரன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

இங்கே எல்லோரும் நலம். எல்லோரும் என்றால் நான், என் வீட்டுக்காரி, ஒரு வாரமாக எங்களோடு இருக்கும் உங்கள் மருமகள், நேற்றிலிருந்து உங்கள் மகன். அங்கே நீங்களும் சம்பந்தியம்மாவும் சுகமாக இருக்க வேண்டும், உங்கள் தையல் மிஷின்கள் நூல் அறாமல் ஓட வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். உங்கள் மகன் இங்கே எப்போது வந்தான், ஏன் வந்தான் என்று இந்நேரம் உங்களுக்குப் பதறும். வருகிறேன். எல்லாவற்றுக்கும் வருகிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம் என்று என் வீட்டுக்காரி சொல்கிறாள். ஆனால் போனில் நான் விஷயத்துக்குள் நுழைவதற்குள் "கஸ்டமர் வந்துட்டாங்க சம்பந்தி" என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. நாளைக் காலை உங்கள் பக்கம் லோடு ஏற்ற வரும் லாரிக்காரர் விசிலிடம் கொடுத்தனுப்புகிறேன்.

முதலில் முக்கியமானதைச் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை உங்கள் அண்ணனையும் அழைத்துக்கொண்டு சமாதானம் பேச வருவதாகச் சொன்னீர்கள் அல்லவா, வர வேண்டாம். கோபித்துக்கொள்ளாதீர்கள். பிள்ளைகள் ஒன்றாகிவிட்டார்கள். கடல் தாண்டி ஒரு மலை உச்சியில் பெரிய தொலைநோக்கி இருக்கிற இடத்தில் என் மகளுக்கு வேலை வந்ததே, அதற்கு வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டுமே, அதற்கும் போகப் போவதில்லை என்று சொல்லிவிட்டாள். அவ்வளவுதான் விஷயம். மற்றதெல்லாம் இது எப்படி நடந்தது என்கிற கதை. அதற்குச் சட்டையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

பிள்ளைகள் கல்யாணத்துக்கு நீங்கள் எனக்கு ஒரு வெள்ளைச் சட்டை தைத்துக் கொடுத்தீர்கள். நல்ல சட்டை. அதைப் போட்டுக்கொண்டு நான் நின்றபோது மாப்பிள்ளை யார் என்று இரண்டு பேர் கேட்டார்கள். போன மாதம் அதை எடுத்துப் போட்டேன். நடுப் பொத்தான் ஓட்டையை எட்டிப் பார்க்கிறதே தவிர, தொட மாட்டேன் என்கிறது. உங்களுக்குப் போன் செய்து, "டேப் தேஞ்சு போச்சா சம்பந்தி, அளவு தப்பியிருக்கே" என்று தமாஷாகத்தான் கேட்டேன். நீங்கள் "டேப் பொய் சொல்லாது, உள்ள என்னமோ கூடியிருக்கு" என்றீர்கள். எனக்குச் சுருக்கென்றது. லாரிகளை எடை போட்டுப் பிழைக்கிறவனிடம் அளவைப் பற்றி இன்னொருவர் சொல்வதா என்று விட்டுவிட்டேன். அந்தப் பேச்சை நீங்கள் உங்கள் மகனிடம் சொல்லிச் சிரித்திருக்கிறீர்கள். நான் என் மகளிடம் சொல்லிப் புலம்பியிருக்கிறேன். இரண்டும் போய் ஒரே வீட்டில் விழுந்தது. அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

மகள் போன வாரம் பஸ்ஸை விட்டு இறங்கி வந்தாள். "சும்மா வந்தேன்ப்பா" என்றாள். கையில் பெட்டி, கக்கத்தில் தலையணை. தலையணையைத் தூக்கிக்கொண்டு யாரும் சும்மா வருவதில்லை. என் வீட்டுக்காரி ஒன்றும் கேட்கவில்லை. சுடுதண்ணி வைத்துக் கொடுத்தாள், துணி மடித்துக் கொடுத்தாள், பக்கத்தில் உட்கார்ந்தாள், மூன்றாம் நாள் எல்லாம் தானாக வெளியே வந்துவிட்டது. நான் கதவுக்கு இந்தப் பக்கம் சைக்கிளுக்குக் காற்றடிக்கிற மாதிரி நின்றுகொண்டு கேட்டேன். அடித்த காற்றில் டியூப் வெடித்தது தனிக் கதை.

ரெண்டு பேரும் பண்ற வானத்து ஆராய்ச்சியிலதான் சண்டை தொடங்கியிருக்கு, உங்களுக்குப் புரியணும்னா இதை நான் என் பாஷையில சொல்றேன், தப்பா இருந்தா பிள்ளைகளைக் கேட்டுக்குங்க. நட்சத்திரக் கூட்டம்னு ஒண்ணு இருக்காம், பெரிய ராட்டினம் மாதிரி சுத்துதாம். நடுவுல சரக்கு நிறைய, அங்க இழுப்பு அதிகம், ஓரத்துல இழுப்பு கம்மி. அப்ப ஓரத்துல இருக்கிற நட்சத்திரம் மெதுவாத்தானே சுத்தணும். அது என்னடான்னா உள்ள இருக்கிறதுக்குச் சமமா ஓடுதாம். அந்த ஓட்டத்துக்கு அது எப்பவோ பிய்ச்சுக்கிட்டுப் போயிருக்கணும், போகல. அப்ப எது பிடிச்சு வெச்சிருக்கு. கண்ணுக்குத் தெரியிற சரக்கையெல்லாம் கூட்டிப் போட்டாலும் அந்தப் பிடிக்கு எடை பத்தலையாம். இங்கதான் சண்டை. உங்க பையன் கட்சி என்னன்னா, கண்ணுக்குத் தெரியாத சரக்கு அங்க ஏகப்பட்டது இருக்கு, அதுக்குப் பேர் கரும்பொருள், அதோட எடைதான் பிடிச்சு வெச்சிருக்கு. என் மக கட்சி என்னன்னா, ஒளிஞ்ச சரக்குன்னு ஒண்ணும் கிடையாது, இழுப்போட சட்டத்தைத்தான் நாம தப்பா எழுதி வெச்சிருக்கோம், ரொம்பத் தூரம் போனா இழுப்பு நாம நினைக்கிற அளவு குறையறதில்ல. அவங்க துறையில பாதிக்கு மேல மாப்பிள்ளை கட்சியாம். மக பக்கம் ஆள் கம்மி. கம்மியா இருக்கிற பக்கம் போய் நிக்கிறது அவ சின்னதுல இருந்தே பழக்கம், கபடி ஆடினாலும் அப்படித்தான்.

மாப்பிள்ளை எங்க வேலை பாக்குறார்னு நான் ரொம்ப நாள் தப்பா நினைச்சிருந்தேன். வானத்தைப் பாக்குறவர் மாடியிலதானே இருப்பார். அவர் மூடின சுரங்கத்துக்குள்ள, அடி ஆழத்துல, ஒரு பெரிய தொட்டிக்குப் பக்கத்துல உக்காந்திருக்கார். அந்தக் கரும்பொருள் வந்து தொட்டியில ஒரு தட்டு தட்டுமாம், அதைக் கேக்கத்தான் காத்திருக்கார். இன்னும் தட்டல. இது ரெண்டு பேருக்கும் தெரிஞ்ச விஷயந்தான், வீட்டுக்குள்ள இருந்த வரைக்கும் சிரிப்பா இருந்தது. ஒரு கூட்டத்துல, சபை நிறைய ஆள் இருக்கிறப்ப, மக எழுந்து, "இன்னும் எவ்வளவு நாள் தட்டலைன்னா இல்லைன்னு ஒத்துக்குவீங்க"ன்னு கேட்டிருக்கா. சபையே சிரிச்சிருக்கு.  மாப்பிள்ளை வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவுறப்ப சொல்லியிருக்கார்:

"கணக்கு ஒத்துவரலைன்னா சட்டத்தையே மாத்துறது உங்க பரம்பரைப் பழக்கம். உங்கப்பா சட்டை பத்தலைன்னா டேப்பைக் குறை சொல்றார்ல."

இவ சும்மா இருப்பாளா.

"நீ மட்டும் என்ன. உங்கப்பா டேப் சரி, ஆளுக்குள்ள என்னமோ ஒளிஞ்சிருக்குங்கிறார். பாக்காத பொருளை நம்புறது உங்க பரம்பரை."

அப்புறம்தான் தலையணை. கேட்டீங்களா சம்பந்தி. வானத்துல தொடங்கின சண்டை நம்ம சட்டையில வந்து நின்னிருக்கு. மகளைக் கடல் தாண்டி அனுப்பப் போறது அந்த நடுப் பொத்தான்னு தெரிஞ்சதும் எனக்குச் சோறு இறங்கல. ஒருத்தியைத்தான் பெத்தோம், அவளும் மலை உச்சியில போய் உக்காந்துட்டா, இங்க நான் யார்கிட்ட பேசுவேன். என் வீட்டுக்காரிகிட்டப் பேசலாம்தான், ஆனா அவ என் கதையெல்லாம் கேட்டு முடிச்சுட்டா.

அதனால நானே ஒரு வேலை செஞ்சேன். மாப்பிள்ளைக்குப் போன் போட்டு, எடை மேடை மிஷின்ல என்னமோ கோளாறு, வந்து பாத்துக் கொடுங்கன்னேன். கோளாறு ஒண்ணும் கிடையாது, என் மிஷின் தங்கம். அவரும் நேத்துக் காலையில தேய்ச்ச வெள்ளைச் சட்டையில வந்து இறங்கினார். அவரைப் பாத்ததும் மக எடை ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டா. கண்ணாடி ஜன்னல் வழியா, "நான் உள்ள இருந்து எடை பாக்குறேன், நீ வெளிய நின்னு வண்டியைப் பாத்துக்கோப்பா"ன்னா. மேடை வெச்ச நாள்ல இருந்து நான் அந்த ரூமை விட்டு வெளிய நின்னு எடை போட்டதே இல்ல. சரி, வெயில்ல நிப்போமேன்னு நின்னேன். மாப்பிள்ளை மேடைக்கு இந்தப் பக்கம், மக கண்ணாடிக்கு அந்தப் பக்கம், நடுவுல நாய். அந்த நாயைப் பத்தி உங்களுக்கு ஒரு தடவை சொல்லியிருக்கேன், லாரி ஹாரனுக்கு எழுந்திருக்காது, பிஸ்கட் கவர் சத்தத்துக்கு எழுந்திரிச்சிடும்.

அப்ப விசில் வந்தார். பேர் ஏன் விசில்னா, கியர் மாத்தறப்பல்லாம் விசிலடிப்பார், அடிக்காம மாத்தினா வண்டி ஏறாதும்பார். செங்கல் சூளைக்கு லோடு ஏத்தப் போறதுக்கு முன்னால காலி வண்டியை எங்கிட்ட எடை போடுவார், ஏத்தினப்புறம் மறுபடி போடுவார், ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் சரக்கு. அந்த லாரியோட காலி எடை, சீட்டுல விசில் உக்காந்திருக்கிறதோட சேர்த்து, எனக்கு என் பேர் மாதிரி மனப்பாடம். நேத்து வண்டி மேடையில நின்னதும் நான் டிரைவர் கதவுப் படியில ஏறி விசில்கிட்டப் பேசிக்கிட்டிருந்தேன், மக உள்ள இருந்து எடையைச் சொன்னா. நூறு கிலோ கூட.

"தப்பா சொல்றே, மறுபடி பாரு"ன்னேன்.

"நூறு கிலோ கூடத்தான்ப்பா. மிஷின் கெட்டுப்போச்சு."

மாப்பிள்ளை வாயைத் திறந்தார். வந்ததுல இருந்து அதுதான் முதல் பேச்சு. "மிஷின் ஏன் கெடணும். வண்டியில ஏதாவது இருக்கும்."

விசிலுக்கு முகம் மாறிடுச்சு. மாறத்தானே செய்யும். காலி வண்டியில எதையாவது ஒளிச்சு வெச்சு எடை போட்டுட்டு, வெளிய போய் அதை இறக்கிட்டு, அந்த எடைக்குச் செங்கலைக் கூட ஏத்திக்கிற ஆளுங்களும் உண்டு. விசில் அந்த மாதிரி ஆளில்ல. "என்னண்ணே, உங்க மருமகன் என்னைத் திருடன்கிறாரு"ன்னார். எனக்குத் தர்மசங்கடம். மிஷின் கெட்டதுன்னா என் மானம் போச்சு, வண்டியில ஒளிச்சதுன்னா சிநேகிதர் மானம் போச்சு. நான் சமாதானம் சொல்ல, படியில நின்னபடியே கதவைப் பிடிச்சுக்கிட்டு, "மனசுல வெச்சுக்காதே விசிலு"ன்னு பேசிக்கிட்டிருந்தேன். அந்தப் பக்கம் நின்னா ரூமுக்குத் தெரியாது, லாரி மறைச்சிடும்.

மக, மிஷினைச் சோதிச்சுப் பாக்கணும், வண்டியை இறக்குங்கன்னா. இறக்கினோம். முத்திரை போட்ட சோதனை இரும்புக் கல்லையெல்லாம் நானும் விசிலும் தூக்கித் தூக்கி மேடையில வெச்சோம். இடுப்பு விட்டுப்போச்சு. வெச்சுட்டு ஓரமா போய் உக்காந்தோம். கல்லுல என்ன போட்டிருக்கோ அதையே மிஷின் காட்டுது, துளி பிசகல. மாப்பிள்ளை ஜன்னலைப் பாத்து, "இப்ப என்ன சொல்றே"ன்னார்.

"சின்ன எடைக்குச் சரியா காட்டுது. பெரிய எடையிலதான் வேற மாதிரி நடந்துக்குது. இடத்துக்குத் தகுந்த மாதிரி சட்டம் மாறும்னு நான் எத்தனை தடவை சொல்லியிருக்கேன்."

மறுபடி வண்டியை ஏத்தினோம். நான் மறுபடி படியில ஏறினேன், பாதியில விட்ட பேச்சு இருந்ததுல்ல. மறுபடி அதே நூறு கிலோ. மாப்பிள்ளை சட்டைக் கையை மடிச்சுவிட்டுட்டு வண்டி மேல ஏறிட்டார். டார்ப்பாயை உதறினார், டூல் பெட்டியைத் திறந்தார், ஸ்டெப்னியைத் தட்டிப் பாத்தார். அந்த வெள்ளைச் சட்டை கிரீஸாகி, பாக்கவே பாவமா இருந்துச்சு.

"கிடைச்சுதா"ன்னு உள்ள இருந்து கேட்டா.

"இன்னும் தேடி முடிக்கல."

"நீ தேட ஆரம்பிச்சப்புறம் எடை இன்னும் கூடியிருக்கு."

"பாத்தியா, ஏதோ இருக்கு."

"பாத்தியா, மிஷின் போச்சு."

இந்த நேரம் பாத்து என் வீட்டுக்காரி எல்லாருக்கும் டீ எடுத்துக்கிட்டு மேடை மேல ஏறி வந்தா, எடை இன்னும் கூடிடுச்சு. நாய் பின்னாலேயே பிஸ்கட்டுக்கு வந்தது, மிஷின் அதையும் விடல. தேடத் தேடக் கூடுது. மாப்பிள்ளைக்கு வேர்வையோட ஒரு சந்தோஷம், மகளுக்குக் கண்ணாடிக்குப் பின்னால ஒரு சந்தோஷம். இவ்வளவு சந்தோஷமா ரெண்டு பேர் சண்டை போட்டு நான் பாத்ததில்ல. விசில் மட்டும் ஸ்டியரிங் மேல தலையைச் சாய்ச்சுட்டு, "அண்ணே, நான் இன்னைக்குச் செங்கலைத் தலையில சுமந்துகிட்டுப் போயிடறேன்"ன்னார்.

அப்பத்தான் சம்பந்தி உங்க போன் வந்தது. ஞாபகம் இருக்கா, "பையன் போனை எடுக்கலையே, அங்க ஏதும் தெரியுமா"ன்னு கேட்டீங்களே. லாரிக்கிட்ட சத்தம்னு படியை விட்டு இறங்கி மரத்தடிக்குப் போய்ப் பேசினேன். நான் விஷயத்துக்கு வர்றதுக்குள்ள கஸ்டமர் வந்துட்டாங்கன்னு வெச்சீங்க. திரும்பி வந்து படியில ஏறினேன். வெச்ச வேகத்துல மறுபடி கூப்பிட்டு, சம்பந்தியம்மா கேக்கச் சொன்னாங்கன்னு கேட்டீங்க. மறுபடி மரத்தடி. மறுபடி வெச்சீங்க, மறுபடி படி. மக உள்ள இருந்து சத்தம் போட்டா.

"அப்பா, நீ எங்க நிக்கிற?"

"இங்கதாம்மா, விசில்கிட்டப் பேசிக்கிட்டு."

"இறங்கு."

இறங்கினேன்.

"ஏறு."

ஏறினேன்.

 அப்புறம் கதவு திறந்தது. அவ வெளிய வந்து, லாரியைச் சுத்தி வந்து, படியில தொத்திக்கிட்டு நிக்கிற என்னைப் பாத்தா. மாப்பிள்ளையும் மேல இருந்து எட்டிப் பாத்தார். அவர் முகத்துல கிரீஸ், அவ கையில எடை காட்டின சீட்டு. ரெண்டு பேரும் என்னைப் பாக்குறாங்க, ஒருத்தரை ஒருத்தர் பாக்குறாங்க, மறுபடி என்னைப் பாக்குறாங்க. யார் முதல்ல சிரிச்சாங்கன்னு தெரியல. நாய் பயந்து ஓடுற அளவுக்குச் சிரிச்சாங்க.

"இது நியாயமில்ல. நான் எழுபது கிலோ. மீதி முப்பது எங்கிருந்து வந்தது. அதைக் கண்டுபிடிங்க"ன்னேன்.

"எப்ப எழுபது மாமா?"ன்னார் மாப்பிள்ளை.

"கல்யாணத்தப்ப போட்டுப் பாத்தேன்."

"எங்க கல்யாணத்தப்பவா?"

"என் கல்யாணத்தப்ப."

என்னை மேடையில தனியா நிக்க வெச்சு எடை போட்டாங்க. செருப்பைக் கழட்டினேன், போனை வெளிய வெச்சேன், மூச்சை விட்டுட்டு நின்னேன். நூறுதான். அந்த முப்பது கிலோதான் கரும்பொருள்னு நான் இன்னமும் சொல்றேன், யாரும் கேக்க மாட்டேங்கிறாங்க. மாப்பிள்ளை விசில்கிட்டக் கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்பு கேட்டார். "விடுங்க சார், எங்க அண்ணன் பேச்சுக்கு எடை உண்டுன்னு எனக்கு எப்பவோ தெரியும்"ன்னுட்டு விசிலடிச்சுக்கிட்டே போயிட்டார். அப்புறம் மாப்பிள்ளை அவகிட்ட, "உங்கப்பாவைப் பத்தி அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது"ன்னார். அவ, "சபையில வெச்சு நானும் கேட்டிருக்கக் கூடாது"ன்னா. என் வீட்டுக்காரி கிரீஸ் சட்டையை வாங்கி ஊறப் போட்டா. சாயந்தரம் ரெண்டு பேரும் ஒரே குடையில கடைத்தெரு வரைக்கும் போயிட்டு வந்தாங்க, மழை இல்ல. வந்ததும், "நான் அந்த வேலைக்குப் போகலப்பா, வெள்ளிக்கிழமை எழுதிடறேன்"ன்னா. நான் போய் அந்த வெடிச்ச டியூபுக்கு ஒட்டுப் போட உக்காந்துட்டேன். 

ஆகவே சம்பந்தி அவர்களே, பேச்சுவார்த்தைக்குத் தேவையில்லாமல் விஷயம் நல்லபடி முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை கடையைத் திறந்து வையுங்கள், உங்கள் அண்ணனுக்கும் சிரமம் வேண்டாம். சட்டை விஷயத்தில் யார் சொன்னது சரி என்பதை நாம் இத்தோடு விட்டுவிடலாம் என்று கேட்டுக்கொள்கிறேன், ஏனென்றால் துணி சுருங்குகிற வாய்ப்பையும் யாரும் இன்னும் மறுக்கவில்லை. பெரியவர்களான நீங்கள் இருவரும் மனதார நினைத்தால் பிள்ளைகள் நன்றாக இருப்பார்கள். சம்பந்தியம்மாவுக்கு எங்கள் வணக்கம், உங்கள் அண்ணனுக்கு என் அன்பு, கடையில் காஜா போடுகிறவருக்கு என் விசாரிப்பு.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி,
எடை மேடைக்காரன்

பி.கு. காலையில விசில் வர லேட்டாயிடுச்சு, நல்லதாப் போச்சு. மேலே எழுதினதை ரத்து பண்ணிக்குங்க. விடிஞ்சதும் அடுப்படியில ஒரே சத்தம். போய்ப் பாத்தா ரெண்டு பேரும் ஒரே தட்டுல சாப்பிட்டுக்கிட்டுச் சண்டை. ஆனா கட்சி மாறிடுச்சு. மக சொல்றா, "லாரிக்குப் பின்னால தெரியாம ஒரு ஆள் நிக்க முடியும்னா வானத்துல ஏன் முடியாது, நீ சொன்னதை நான் சரியா யோசிக்கல." மாப்பிள்ளை சொல்றார், "இல்ல, தேடப் போன நாமதான் எடையைக் கூட்டினோம், அப்ப நாம கணக்குப் போடுற விதத்தைத்தான் முதல்ல சந்தேகப்படணும், நீ சொன்னதுதான் சரி." ஒருத்தரை ஒருத்தர் ஜெயிக்க வெச்சுட்டு அதுக்கு ஒரு சண்டை. பால் பொங்கி அடுப்பு அணைஞ்சது கூடத் தெரியல. என் வீட்டுக்காரியைப் பாத்தேன், "விடுங்க, இது நல்ல சத்தம்"னா.

அந்தச் சண்டையிலேயே மலை உச்சிக்கும் போறதுன்னு முடிவாகிடுச்சு. மாப்பிள்ளையும் கூடப் போறார். "இதைப் பாதியில விட்டுட்டு நான் எப்படி மாமா அந்தக் குழிக்குள்ள போய்த் தனியா உக்காருவேன்"ங்கிறார். உங்களுக்கு அவரே சாயந்தரம் போன் பண்ணுவார், தயவுசெய்து கஸ்டமர் வந்துட்டாங்கன்னு வெச்சிடாதீங்க. அதனால ஞாயித்துக்கிழமை கட்டாயம் வாங்க, அண்ணனையும் கூட்டிக்கிட்டு வாங்க, சமாதானத்துக்கு இல்ல, கிளம்புறதுக்கு முன்னால எல்லாரும் ஒரு நாள் சேர்ந்து இருக்கிறதுக்கு. எனக்கு வருத்தமான்னு கேட்டா என்ன சொல்றது. ரொம்பத் தூரம் போனாலும் இழுப்பு நாம நினைக்கிற அளவு குறையாதுன்னு ஒரு கட்சி சொல்லுச்சே, அது இப்ப மாப்பிள்ளை கையில இருக்கு. அதனால நான் மாப்பிள்ளை கட்சியில சேந்துட்டேன்.

வழியனுப்பப் போறப்ப கல்யாணச் சட்டையைத்தான் போட்டுக்கிட்டு வரணும்னு மக சொல்லிட்டா. இந்தக் கடிதத்தோட அதை விசில்கிட்டக் கொடுத்திருக்கேன். பிரிச்சு நல்லா தாராளமா விட்டுத் தைங்க. டேப் மேல தப்பில்ல.